பழைய கம்ப்ரசரைக் கேட்காதே!

அத்தியாயம் 5

"பழைய கம்ப்ரசரை எடுத்துட்டு வாங்க" என்றேன்.

டில்லி கோட்லா முபாரக்பூரின் அந்த ஒர்க்‌ஷாப்பில் எல்லாச் சத்தமும் நின்றுபோன மாதிரி இருந்தது. உண்மையில் நின்றது ஒரு ஸ்பேனர் மட்டும்தான். அதைப் பிடித்திருந்த முதலாளி பல்பீர் சிங் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் நின்ற கௌஷிக் மெதுவாகப் பின்னால் நகர்ந்தான். அவன் என் உதவியாளன். ஆபத்து வந்தால் எனக்குப் பின்னால் நின்று உதவுவான்.

"தீதி, கோபாலன் சார் என்ன சொல்லிருக்காரு?" என்று கிசுகிசுத்தான். அக்காவுக்கு அவன் பாஷையில் தீதி.

சொல்லியிருக்கிறார். வேலையில் சேர்ந்த அன்றே சொன்னார். கோல் மார்க்கெட்டில் ஒரு மாடியறையில் துப்பறியும் ஏஜென்சி நடத்தும் எங்கள் முதலாளி கோபாலன், மத்திய அரசில் விஜிலன்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "மெக்கானிக்கிட்ட என்ன வேணும்னாலும் கேளும்மா. பழைய பார்ட்டைக் குடுன்னு மட்டும் கேட்டுடாதே. அது அவனை மூஞ்சிக்கு நேரா திருடன்னு சொல்ற மாதிரி. அப்புறம் வாயே திறக்க மாட்டான். டாக்ஸிக்காரங்கதான் அப்படிக் கேப்பாங்க. நாம டீசன்ட்டான ஆளுங்க."

அவர் டீசன்ட். என் அப்பா சாத்தூரில் டெம்போ ஓட்டுகிறவர். கழற்றிய சாமானைக் கையில் வாங்காமல் அவர் எந்த ஒர்க்‌ஷாப்பை விட்டும் வெளியே வந்ததில்லை. வண்டி அவருடையது என்றால் அதிலிருந்து கழன்றதும் அவருடையதுதானே? எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். பி.எஸ்சி. இயற்பியல். இதில் என்ன அசிங்கம் என்று எனக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.

"எந்த வண்டியோடது?" என்றார் பல்பீர் சிங். அவர் பேசியதெல்லாம் இந்தி. சண்டை போடத் தேவையான அளவு இந்தி எனக்கு வரும்.

"அதோ, அது."

வாசலில் வெள்ளைக் கார் நின்றது. அதன் நிழலில், எல்லாப் பொத்தானும் போட்ட வெள்ளைச் சட்டையோடு டிரைவர் கருப்பசாமி நின்றார். யாரோ ரிசல்ட் சொல்லக் காத்திருக்கிறவர் மாதிரி.

ரிசல்ட்தான். அவருக்கு வேலை போகுமா, அதைவிட, பேர் போகுமா என்பதுதான் கேஸ்.

கார், கிழக்கு கிட்வாய் நகரில் இருக்கும் லீலாவதி மேடத்துடையது. கணவர் பெரிய அதிகாரி, வெளியூரில் இருக்கிறார். காரின் ஏசி கம்ப்ரசர் ஜாம் ஆகி, பல்பீர் சிங்கிடம் புதுசு போட்டார்கள். சில நாளில், மகனுக்குப் பெண் கொடுக்கப்போகும் சம்பந்தியம்மாளை ஆக்ராவுக்குக் கூட்டிப் போகும் வழியில், ஜூன் மாத மத்தியான வெயிலில், புதுக் கம்ப்ரசரும் கரகரவென்று கத்திவிட்டுச் செத்தது. வீட்டுக்குப் பக்கத்து மெக்கானிக் ஒருவன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "டிரையர் புதுசுன்னு பில்லில் இருக்கு. இங்க இருக்கிறது பழசு. அப்போ கம்ப்ரசர் மட்டும் புதுசா இருக்குமா?" என்று கொளுத்திப் போட்டான். டிரையர் என்பது ஏசிக் குழாயில் ஓடும் காஸிலிருந்து ஈரத்தையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு உருளை.

போதாதா? கருப்பசாமியும் ஒர்க்‌ஷாப்காரனும் கூட்டு. புதுசை விற்றுவிட்டுப் பழசை மாட்டிவிட்டார்கள். மேடத்தின் தீர்ப்பு அது. விசாரணை மட்டும் எங்களுடையது. "திருட்டுன்னா சும்மா விடக் கூடாதுங்க" என்று சம்பந்தியம்மாள் சொல்லிவிட்டதால், அவர் ஊருக்குக் கிளம்புவதற்குள் மேடத்துக்கு ஒரு ரிப்போர்ட் வேண்டியிருந்தது.

கருப்பசாமி குடியிருப்பதும் அந்த வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையில்தான். வேலை போனால் அறையும் போகும். இன்னொரு தமிழ் வீட்டில் வேலை கிடைக்காது. இந்த மாதிரிச் செய்தி சரோஜினி நகர் பிள்ளையார் கோயிலில் ஒரே பிரதோஷத்தில் சுண்டலோடு சேர்ந்து விநியோகமாகிவிடும்.

காலையில் மேடத்தின் ஹாலில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டோம். கண்ணாடி அலமாரியில் பொம்மைகள், தலைக்கு மேல் சில்லென்று ஏசி, டீப்பாய் நடுவில் சாண் உயரத்துக்குப் பளபளவென்று ஒரு ஊதுபத்தி ஸ்டாண்ட். மேடமும் சம்பந்தியம்மாள் சுஜாதாவும் எதிரெதிர் சோபாவில் உட்கார்ந்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆன்ட்டி, ஊதுபத்தி ஸ்டாண்ட் க்யா பாத் ஹை!" என்றான் கௌஷிக், பிஸ்கட்டுக்கு நன்றியாக. அவன் டில்லியிலேயே பிறந்தவன். தமிழில் பாதி தூரம் வந்ததும் இந்திக்கு பஸ் மாறிவிடுவான்.

"ஆமாம்ப்பா, நமக்கெல்லாம் இந்த டேஸ்ட் எங்க வரும்?" என்று மேடம் சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தார்.

"ரொம்ப அம்சமா இருக்குதுங்க" என்று கோயம்புத்தூர்க்காரரான சுஜாதாவும் பதிலுக்குச் சிரித்தார்.

எனக்கு அந்தச் சிரிப்புகளில் பொறுமை போய்விட்டது. "வண்டியைக் குடுங்க, ஒர்க்‌ஷாப்புக்கே போறோம்" என்று எழுந்தேன். கருப்பசாமிதான் ஓட்டி வந்தார். ஏசி இல்லாத அந்தப் பயணத்தில் கௌஷிக் ஒரே ஒரு கருத்துச் சொன்னான்: "தீதி, இது கார் இல்ல, தந்தூர். இன்னும் ரெண்டு சிக்னல், நாம வெந்துடுவோம்."

இப்போது பல்பீர் சிங் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கௌஷிக் கண்ணை மூடிக்கொண்டான்.

பல்பீர் சிங் சிரித்தார். தாடி குலுங்கச் சிரித்தார்.

"அப்பாடா! கடைசியில ஒருத்தி கேட்டுட்டா!" என்று உள்ளே போய், பலகைத் தட்டிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கான ஒரு கனத்த சாமானைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இந்த ஊர்ல பழசைக் கேக்காத கஸ்டமரே கிடையாது, பேட்டி. நானே டிக்கியில் போட்டு அனுப்பிடுவேன். உங்க மேடம் மட்டும் வேண்டாம்னு மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. என்னைக்காவது சண்டை வந்தா வேணுமேன்னு எடுத்து வெச்சேன்." பேட்டி என்றால் இங்கே மகள்.

"எங்க சார் நேத்து வந்தாரே, அவர்கிட்ட ஏன் காட்டல?"

"அந்த சஃபாரி சூட் சாப்தானே? என் டீயைக் குடிச்சாரு. வெயிலைப் பத்திப் பேசினாரு. பிள்ளைங்க என்ன படிக்குதுன்னு கேட்டாரு. கடைசியில மெல்ல, 'டிரைவருக்கு எவ்வளவு கமிஷன் குடுத்தே?'ன்னாரு. என்னைத் திருடன்னு சொன்னவன்கிட்ட நான் எதுக்குப் பேசணும்?"

கௌஷிக் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். டீசன்ட்டாக விசாரித்த லட்சணம் இது.

பழைய கம்ப்ரசரைச் சாய்த்தேன். அதன் வாயிலிருந்து கறுப்பு எண்ணெய் என் உள்ளங்கையில் வழிந்தது. வெயிலில் நீட்டினேன். கறுப்புக்குள் வெள்ளியாக ஏதோ மினுமினுத்தது.

"மேக்கப் சாமான் மாதிரி இருக்கு" என்றான் கௌஷிக்.

"இரும்பும் அலுமினியமும். உள்ள உரசி உரசிப் பொடியாப் போயிருக்கு." பல்பீர் சிங்கைப் பார்த்தேன். "இப்ப வண்டியில இருக்கிறதையும் கழட்டுங்க. அந்தப் புதுசோட அட்டைப்பெட்டி இருக்கா?"

இருந்தது. பாக்கி காஸை இறக்கி, கம்ப்ரசரைக் கழற்றி என் முன்னால் வைத்தார். கருப்பசாமி கிட்டே வரவில்லை. தூரத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தார். பெட்டியில் அச்சடித்த எண்ணும் கம்ப்ரசரில் குத்தியிருந்த எண்ணும் ஒன்றுதான். யாரும் எதையும் மாற்றவில்லை. இதையும் சாய்த்தேன். என் இன்னொரு கையிலும் அதே கறுப்பு, அதே மினுமினுப்பு.

"தீதி, செத்தவனோட சாம்பல் இவன் வயித்துல எப்படி வந்துச்சு?"

சில சமயம் கௌஷிக் தெரியாமலேயே சரியான கேள்வியைக் கேட்டுவிடுவான்.

"குழாய் வழியா" என்றேன். கோபம் உச்சிக்கு ஏறியது. "பழசு உடைஞ்ச பொடி சிஸ்டம் பூரா இருந்திருக்கு. அதைக் கழுவாமலே புதுசை மாட்டிருக்காங்க. பொடி சுத்தி வந்து இதையும் அரைச்சுடுச்சு. ஏன் பல்பீர்ஜி, கழுவத் தெரியாதா உங்களுக்கு?"

"என்கிட்ட கத்தாதே பேட்டி! குழாய்க்குள்ள மருந்து விட்டு, காத்தை அடிச்சு, அந்தப் பக்கம் வெள்ளைத் துணியைப் பிடிக்கணும். துணியில மினுக்கு வராத வரைக்கும் திரும்பத் திரும்ப அடிக்கணும். அப்புறம் புது டிரையர் மாட்டணும். ஒரு பூரா நாள் வேலை. கம்ப்ரசரை மாட்டி, ஓடுதான்னு பாக்க காஸ் விட்டேன். உங்க மேடம் வந்து நின்னாங்க. கை வெச்சுப் பாத்தாங்க, சில்லுன்னு வந்துச்சு. 'அச்சா, போதும், ஏர்போர்ட்டுக்கு கெஸ்ட் வர்றாங்க, ஜல்தி, மீதி நாளைக்கு'ன்னாங்க. அந்த நாளைக்கு இன்னும் வரல."

"முடியாதுன்னு சொல்லிருக்கணும் நீங்க."

அவர் தாடியைச் சொறிந்தார். "சொல்லிருக்கணும்தான்."

"அண்ணே!" என்று கருப்பசாமியைக் கூப்பிட்டேன். "அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"அம்மா என்னயப் பூ வாங்கிட்டு வரச் சொல்லி விட்டாக தங்கச்சி. வந்து பாத்தா வண்டி ரெடின்னாக. கழுவணும்னு எங்கிட்ட யாரும் ஒரு வார்த்த சொல்லல."

"சரி, அந்தப் புது டிரையர்?"

"டிக்கியில வெச்சேன்" என்றார் பல்பீர் சிங். "இங்க விட்டா எவனாவது வேற வண்டிக்கு மாட்டிடுவான். மேடத்துகிட்ட சொன்னேன். அவங்க போன்ல இருந்தாங்க. தலையை ஆட்டினாங்க."

"டிக்கியில இருந்ததப் பூராவும் நாந்தேன் மேல தூக்கிட்டுப் போனேன்" என்றார் கருப்பசாமி. "சம்பந்தியம்மா பெட்டி, பழக்கூடை, முறுக்கு டின்னு, ரெண்டு மூணு அட்டைப்பெட்டி, எல்லாத்தையும் ஹால்ல வெச்சுட்டு வந்துட்டேன்." சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவருக்குப் புரிந்தது. முகம் வெளுத்தது.

"அண்ணே, வக்கீல் வெச்சிருந்தா இதைச் சொல்ல விட்டிருக்க மாட்டாரு" என்றான் கௌஷிக்.

காணாமல் போன சாமான் கடைசியாக இருந்தது கருப்பசாமியின் கையில். கோபாலன் சாருக்கு இந்த ஒரு வரி போதும். கேஸை முடித்துவிட்டு மத்தியானத் தூக்கம் போடுவார்.

"பல்பீர்ஜி, நான் டிரையரைப் பாத்ததில்ல. அதே மாதிரி ஒண்ணு இருந்தா காட்டுங்க."

வேறு ஒரு வண்டிக்காக வந்ததை உள்ளே இருந்து எடுத்து வந்து காட்டினார். வாங்கி, திருப்பிப் பார்த்தேன். அலுமினிய உருளை. மேலே ரெண்டு ஓட்டை, பிளாஸ்டிக் மூடி போட்டு.

சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை.

"தீதிக்கு வெயில் ஏறிடுச்சு" என்றான் கௌஷிக் கவலையாக. "பையா, தண்ணி!"

"இந்த மூடி ரெண்டையும் எடுத்துட்டு ஹால்ல வெச்சா என்ன ஆகும்?"

"காத்துல இருக்கிற ஈரத்தையெல்லாம் குடிச்சிரும். அப்புறம் அது காருக்கு ஆகாது."

பழைய கம்ப்ரசரைப் பேப்பரில் சுற்றி வாங்கிக்கொண்டேன். காரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். கம்ப்ரசர் கௌஷிக் மடியில்.

ஆட்டோவில் கோபாலன் சார் போன் வந்தது. அவர் ஏற்கெனவே மேடத்தின் வீட்டில் காபியோடு இருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"பழைய கம்ப்ரசரைக் கேட்டு வாங்கிட்டேன் சார்."

"கேட்டியா? அந்த ஒண்ணைத்தானே கேக்காதேன்னேன்! சரி, டிரையர் யார் கையில இருந்துச்சு?"

"டிக்கியில இருந்து மேல கொண்டுபோனது கருப்பசாமி அண்ணன்தான். ஆனா..."

"ஆனா என்ன ஆனா? அதுவே போதும். சம்பந்தியம்மா முன்னாடி மேடத்தோட கௌரவம் இருக்கு. டிரைவர்தான்னு எழுதி முடி. அவன் வேற எங்கயாவது பொழச்சுக்குவான்."

பக்கத்தில் கருப்பசாமி உட்கார்ந்திருந்தார். போனில் வந்தது அவருக்கும் கேட்டிருக்கும். வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

போனை வைத்தேன். கைப்பையைத் திறந்து ஒரு சின்ன உறையில் ரெண்டு சாமானைப் போட்டு மடித்து கௌஷிக்கிடம் கொடுத்தேன். "பத்திரமா வை. கேக்கும்போது குடு." அவன் உறையைத் தொட்டுப் பார்த்தான். முதல் தடவையாக ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

வீட்டு ஹாலில் சில்லென்று ஏசி. கருப்பசாமி வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். கௌஷிக் கம்ப்ரசரைத் தரையில் வைத்ததும், "அய்யோ, மார்பிள்!" என்று மேடம் எழுந்தே விட்டார்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி" என்றேன். "இந்த ஊதுபத்தி ஸ்டாண்ட் எங்க வாங்கினது?"

கோபாலன் சார் காபியை விட்டு நிமிர்ந்தார். "பூங்கோதை, இது என்ன கேள்வி?"

"என்னைக் கேட்டா?" என்று மேடம் சிரித்தார். "சம்பந்தியம்மா ஆசையாக் கொண்டுவந்தது. அதான் நடு ஹால்ல வெச்சிருக்கேன்."

சுஜாதா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானுங்களா? நான் பழமும் முறுக்குந்தானுங்க கொண்டு வந்தேன். இது உங்க வீட்டுதுன்னுல்லங்க நெனச்சேன்!"

"இல்லையே... உங்க சாமானோடதானே வந்துது..."

"நீங்க தினமும் அம்புட்டு ஆசையாத் தொடைச்சீங்க. எனக்கு எப்படிங்க கேக்க வாய் வரும்?"

இரண்டு பேரும் முதல் தடவையாகச் சிரிக்காமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரெண்டு ஓட்டையிலும் புகைந்துகொண்டிருந்த பத்திகளைப் பிடுங்கிச் சாம்பல் கிண்ணத்தில் வைத்தேன். உருளையைத் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் பார்ட் எண் அச்சடித்த ஸ்டிக்கர்.

"இதுதான் கருப்பசாமி அண்ணன் திருடி வித்ததா நீங்க சொன்ன டிரையர். தினமும் காலையும் சாயங்காலமும் நீங்கதான் இதுக்கு ஊதுபத்தி காட்டிட்டு இருந்தீங்க. கம்ப்ரசரும் புதுசுதான். பெட்டியும் எண்ணும் ஒண்ணு. பழசோட பொடியைக் கழுவாததால அது செத்துச்சு. கழுவ விடாம வண்டியை எடுத்துட்டு வந்தது யாரு மேடம்?"

மேடம் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "சம்பந்தி முதல் தடவையா வர்றாங்க. ஏசி இல்லாத கார்ல எப்படிம்மா ஏத்தறது? நாளைக்கு நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைப்பாங்க? அப்புறம் ஆக்ரா ரோட்டுல அப்படி ஆனதும்... யாரையாவது சொல்லணுமே..."

சுஜாதா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, சிரிப்பு.

"எனக்கு ஏசியே ஆவாதுங்க சம்பந்தி! மூக்கடைச்சுக்கும். எங்க வீட்டுக் கார்ல போடவே மாட்டோமுங்க. ஏர்போர்ட்டுல இருந்து வர்றப்ப கண்ணாடியக் கொஞ்சம் எறக்குங்கன்னு கேக்கக் கூச்சமாப் போச்சு. அந்த ஆக்ரா ரோட்டுல நின்னுச்சு பாருங்க, அப்பத்தானுங்க நிம்மதியா மூச்சு வுட்டேன்!"

மேடம் திகைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கௌஷிக் ஓசைப்படாமல் எழுந்து போய் ஹால் ஏசியை அணைத்தான். "ஷுக்ரியா கண்ணு" என்று நன்றி சொன்னார் சுஜாதா, தெரிந்த ஒரே இந்தி வார்த்தையில்.

கோபாலன் சார் கையைத் தட்டினார். "அப்போ சுபம்! மெக்கானிக்கல் ஃபால்ட், யார் மேலயும் தப்பில்லைன்னு ரிப்போர்ட்டை முடிச்சிடலாம்."

"இன்னும் முடியல சார்" என்றேன். "மேடம், வாசல்ல ஒருத்தர் நிக்கிறாரு. அவர்கிட்ட நீங்க சொல்லணும்."

"பூங்கோதை!"

"நான் அப்புறமாத் தனியாச் சொல்லிக்கறேம்மா" என்றார் மேடம்.

"திருடன்னு தனியாவா சொன்னீங்க?"

மேடம் என்னை முறைத்தார். பிறகு சம்பந்தியைப் பார்த்தார். எழுந்து வாசலுக்குப் போனார்.

"கருப்பசாமி... நீ எடுக்கலைப்பா. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"அதத்தேம்மா நானும் அன்னைக்கே சொன்னேன்." அவர் குரல் உடையவில்லை. தோள்தான் கொஞ்சம் இறங்கியது. "வண்டி ஒர்க்‌ஷாப்ல நிக்கிது. இந்தத் தடவ பூரா நாளும் விட்டுருங்க. நல்லாக் கழுவட்டும்."

"சரி. உள்ள வா. காபி குடிச்சுட்டுப் போ."

அவர் உள்ளே வந்து எங்கே நிற்பது என்று தடுமாறினார். சுஜாதா சோபாவில் நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க தம்பி. ஆக்ரா ரோட்டுல நீங்கதான எனக்குத் தண்ணி வாங்கிட்டு வந்தீங்க."

கோபாலன் சார் என்னைப் பால்கனிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். "நல்லாத்தான் கண்டுபிடிச்சே. ஒத்துக்கறேன். ஆனா நம்ம தொழிலுக்கு ஒரு முறை இருக்கு. கிளையன்ட்டை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறதெல்லாம் இதோட போதும். இனிமே பழைய பார்ட் கேக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. திங்கட்கிழமை வா."

"கௌஷிக், அந்த உறையைக் குடு."

அவன் நீட்டினான். கோபாலன் சார் பிரித்தார். என் அடையாள அட்டை. கோல் மார்க்கெட் ஆபீஸ் சாவி.

"இதை எப்போ...?"

"ஆட்டோவுலயே. அவன் வேற எங்கயாவது பொழச்சுக்குவான்னு சொன்னீங்களே, அப்போ."

"சார், கவரை இன்னும் கொஞ்சம் குலுக்குங்க" என்றான் கௌஷிக். இன்னொரு அட்டை விழுந்தது. அவனுடையது.

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். பின்னால் மேடம், "அப்போ இந்த டிரையர் இனிமே காருக்கு ஆகாதா?" என்று கேட்பதும், "இருந்துட்டுப் போகட்டுமுங்க, நெசமாவே அழகாத்தான் இருக்குது" என்று சுஜாதா சொல்வதும் கேட்டது.

"தீதி, கம்ப்ரசர்?" என்று கௌஷிக் கத்தினான்.

"அது மேடத்தோடது" என்று திரும்பாமலே சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.